இடப்பக்கம் இழுக்குது, மூக்கு கவிழுது: மின்சார அக்ரோ விமானத்தின் முதல் பறத்தல்களில் வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

44 முதல் 48 அங்குல இறக்கையுள்ள, பால்சாவிலோ இ.பி.பி. ஃபோமிலோ செய்த எட்ஜ் 540, எக்ஸ்ட்ரா 300 வகை ரிமோட் மாதிரி விமானங்களை அக்ரோவுக்கு, அதாவது சாகசப் பறத்தலுக்குத் தயார்செய்வதற்கான குறிப்பு இது. கணக்குகளுக்கு 1,250 கிராம் எடை, 4எஸ் (நான்கு செல்) 2200 எம்.ஏ.ஹெச். லிப்போ பேட்டரி, 60 ஆம்ப் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 13 அங்குல ப்ராப் (முன்விசிறி) என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் விமானம் சற்றுச் சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

அந்த வரிசைதான் முக்கியம். இன்றைய ட்ரான்ஸ்மிட்டர்களில் எந்தக் கோளாறையும் ஒரு மிக்ஸ் (ஒரு ஸ்டிக்கை அசைத்தால் இன்னொரு மடலும் சேர்ந்து அசையும் அமைப்பு) போட்டோ, ட்ரிம் (ஸ்டிக்கைத் தொடாமலே மடலைச் சற்று நகர்த்தி வைப்பது) வைத்தோ மறைத்துவிடலாம். வால் கனத்தை எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) ட்ரிம் மறைக்கும், மோட்டார் கோணத்தை ரடரின் (மூக்கை இடவலம் திருப்பும் வால் மடல்) ட்ரிம் மறைக்கும். ஒரு வேகத்தில் மறைந்தது இன்னொரு வேகத்தில் வெளியே வரும். அதனால் முதலில் இயந்திர வேலை, பிறகு சி.ஜி. (எடையின் மையம்), பிறகு மோட்டார் கோணம், கடைசியில் மிக்ஸ். ஒரு பறத்தலுக்கு ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

காற்றும் இடமும்

ஆனி முதல் ஆவணி வரை நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அடிக்கும் மேலக்காற்றில் ட்ரிம் பார்க்காதீர்கள். செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் அந்தக் காற்றைக் குவித்து அனுப்புகின்றன. கயத்தாறிலும் பணகுடியிலும் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்றில் இடது இறக்கை இறங்கினால் காரணம் இறக்கைக் கனமா, காற்றின் வீச்சா என்று பிரித்தறிய வழியே இல்லை. மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை, விடிந்ததிலிருந்து எட்டு மணி வரைதான் நல்ல நேரம். பிசான நெல் அறுத்த வயலும் வற்றிய குளத்தின் உள்வாயும் அப்போது கிடைக்கும்.

இடத்தை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை அனுமதியின்றிப் பறக்க முடியாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான். அதைத் தாண்டிய பச்சைப் பகுதியில் 400 அடி. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் இவற்றின் அக்கம்பக்கத்தை நினைக்கவே வேண்டாம். காற்றாலைக்கு அருகில் மைதானம் போல வெளி கிடந்தாலும் வேண்டாம். விசிறிக்குப் பின்னால் காற்று கலங்கி வரும், மின்கம்பியும் இருக்கும்.

பேட்டரியைச் செருகியதும் வரும் கோளாறுகள்

ப்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பகுதியைத் தொடங்குங்கள்.

இ.எஸ்.சி. விடாமல் பீப் அடிக்கிறது, மோட்டார் எழவில்லை: த்ராட்டில் பூஜ்யத்தில் இல்லை என்று இ.எஸ்.சி. நினைக்கிறது. த்ராட்டில் ட்ரிம்மை அடியில் இறக்கிப் பாருங்கள். அடங்காவிட்டால் அந்தச் சேனலின் திசையைத் திருப்புங்கள். ஃபுட்டாபா ட்ரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலும் த்ராட்டிலை ரிவர்ஸ் செய்தாக வேண்டும். பிறகு ஸ்டிக்கை உச்சியில் வைத்து பேட்டரியைச் செருகி, பீப் வந்ததும் அடிக்கு இறக்கி, காலிப்ரேஷன் செய்துகொள்ளுங்கள்.

மோட்டார் சுற்றாமல் நடுங்குகிறது: மூன்று கம்பிகளில் ஒன்று தொடர்பில் இல்லை. புல்லட் கனெக்டரின் சால்டர் பளபளப்பாகப் பரவாமல் சாம்பல் நிறத்தில் உருண்டு நின்றால் அதுதான் இடம். சூடேற்றி மறுபடி ஊற்றுங்கள். அப்படியே திரும்பத் திரும்ப முயன்றால் இ.எஸ்.சி. எரியும்.

மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது: மூன்றில் ஏதாவது இரண்டு கம்பிகளை மாற்றிச் செருகினால் போதும்.

ப்ராப் மாட்டிய பிறகு சத்தம் பலமாக இருக்கிறது, இழுவை இல்லை: ப்ராப் முன்பின்னாக மாட்டப்பட்டிருக்கிறது. எண் அச்சடித்த முகம் முன்னால், விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும் கோளாறு இது.

ப்ராப் மாட்டியபடியே வாட்மீட்டர் வைத்து, ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 400 வாட்டுக்கு மேல் இருந்தால் அக்ரோவுக்குத் தாராளம். 60 ஆம்ப் இ.எஸ்.சி.யில் 48 ஆம்புக்கு மேல் ஏறினால் ப்ராப்பின் பிட்சையோ விட்டத்தையோ ஒரு படி குறையுங்கள். குளிர்நாட்டில் 55 ஆம்ப் தாங்கும் இ.எஸ்.சி. நம் சித்திரை வெக்கையில் தாங்காது.

கடைசியாக, ப்ராப்பை மறுபடி கழற்றிவிட்டு இரண்டு சோதனை. ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஃபெயில்சேஃபை (தொடர்பு அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு) சரிசெய்யும் வரை ப்ராப்பைத் தொடாதீர்கள். ட்ரான்ஸ்மிட்டரின் பலத்தைக் குறைக்கும் ரேஞ்ச் செக் முறையில் 30 எட்டு நடந்து விலகி நின்றும் சர்வோக்கள் (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) தயங்காமல் அசைய வேண்டும்.

தரையில் ஓடும்போது

த்ராட்டில் கொடுத்ததும் இடப்பக்கம் திரும்புகிறது. வால்சக்கர விமானத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ப்ராப்பின் முறுக்கும், வால் தாழ்ந்திருக்கும்போது ப்ராப்பின் வலப்பாதி கூடுதலாக இழுப்பதும், சுழன்று வந்து ரடரைத் தள்ளும் காற்றும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் தள்ளுகின்றன. மூன்று விநாடி எடுத்துக்கொண்டு த்ராட்டிலை ஏற்றி, வலது ரடரைக் கூடவே கொடுங்கள். இதற்காக ரடர் ட்ரிம் வைக்காதீர்கள், மேலே போனதும் அது வேறு கோளாறாகத் தெரியும். த்ராட்டில் இல்லாமல் கையால் தள்ளிவிட்டாலும் ஒரு பக்கம் ஓடினால் வால்சக்கரமோ லேண்டிங் கியரின் அச்சோ கோணலாக இருக்கிறது.

மூக்கு குத்துகிறது: ஓடத் தொடங்கும்போது எலிவேட்டரை மேல்நோக்கிப் பிடித்திருந்து, வேகம் கூடக் கூட விடுங்கள். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் குளத்தில் சிறு சக்கரம் வெடிப்பில் விழும்; அங்கே ஓட்டத்தை விட்டுவிட்டுக் கையால் எறிவது நல்லது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும் சக்கரம் உருளாது. உடைமுள் இருக்கும் இடத்தில் காற்றடைத்த சக்கரம் ஒரு நாள் தாங்காது, ஃபோம் சக்கரம் போடுங்கள்.

எலிவேட்டரைத் தொட்டாலே துள்ளுகிறது

முதல் பறத்தலில் பயமுறுத்தும் கோளாறு இதுதான். காரணம் மூன்று: வால் கனம், எலிவேட்டரின் அசைவு அதிகம், எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு) தலைகீழ். மூன்றையும் இப்படிப் பிரியுங்கள்.

ஸ்டிக்கின் நடுவில் மட்டும் துடிப்பாக இருந்து, அதிகம் நகர்த்தும்போது விமானம் சொன்னபடி கேட்டால் எக்ஸ்போவின் குறி மாறியிருக்கிறது. ஸ்பெக்ட்ரம் ட்ரான்ஸ்மிட்டர்களிலும் எட்ஜ்-டிஎக்ஸ் மென்பொருள் உள்ளவற்றிலும் கூட்டல் குறி நடுப்பகுதியை மென்மையாக்கும். ஃபுட்டாபாவில் கழித்தல் குறி. மேஜையில் எக்ஸ்போவை 100 ஆக்கி ஸ்டிக்கைச் சிறிது நகர்த்துங்கள். எலிவேட்டர் அநேகமாக அசையாமல் நின்றால் குறி சரி, பாய்ந்தால் தவறு.

எங்கே பிடித்தாலும் சீராகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாமே அதிவேகம் என்றால் அசைவு அதிகம். முதல் பறத்தலுக்கு எலிவேட்டர் 12 டிகிரி, எயிலரான் (விமானத்தை உருட்டும் இறக்கை மடல்) 15, ரடர் 25, எக்ஸ்போ 30% போதும். 50 மி.மீ. அகலமுள்ள எலிவேட்டருக்கு 12 டிகிரி என்பது பின்விளிம்பில் ஏறத்தாழ 10 மி.மீ.; ஸ்கேல் வைத்தே அளக்கலாம். 3டி சாகசங்களுக்கு வேண்டிய 45 டிகிரி எலிவேட்டரையும் 60 முதல் 70% எக்ஸ்போவையும் வேறொரு சுவிட்சில் வைத்துவிட்டு, இன்று அதைத் தொடாமல் இருங்கள்.

ஸ்டிக்கை விட்ட பிறகும் மூக்கு போன போக்கிலேயே ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறது, தானாகத் திரும்பவில்லை. இது வால் கனம். மடல்களின் அசைவு குறைவாக உள்ள ரேட்டுக்கு மாறி, த்ராட்டிலை முழுதும் மூடாமல், அகலமான ஒரே வட்டத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள். இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

சி.ஜி.யை எங்கே வைப்பது? கையேட்டில் எல்லை தந்திருந்தால் அதில் முன் எல்லையில் தொடங்குங்கள். கையேடு இல்லாவிட்டால் கணக்கு இது: இறக்கையின் வேர் அகலம் 320 மி.மீ., முனை அகலம் 180 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் 115. கூட்டுத்தொகை 500-லிருந்து அதைக் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 257 மி.மீ. இதுதான் சராசரி அகலம். இறக்கையில் அகலம் 257 மி.மீ. இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே முன்விளிம்பிலிருந்து 28%, அதாவது 72 மி.மீ. பின்னால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து விமானத்தின் உடலுக்கு நேர்குறுக்காகக் கோடு இழுத்தால் அதுவே தொடக்க சி.ஜி. பேட்டரியும் கேனோப்பியும் (மேல்மூடி) மாட்டியிருக்க, அந்தக் கோட்டில் இரு விரலால் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும்.

மாற்றும்போது ஈயம் சேர்ப்பதற்கு முன் பேட்டரியை நகர்த்துங்கள். 240 கிராம் பேட்டரியை 20 மி.மீ. முன்னால் தள்ளினால் 1,250 கிராம் விமானத்தில் சி.ஜி. ஏறத்தாழ 4 மி.மீ. முன்னால் வரும். பேட்டரித் தட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் பேட்டரி அதே கோட்டில் இருக்காவிட்டால் நேற்றைய ட்ரிம்முக்கு இன்று பொருளில்லை.

பறக்கும்போது சி.ஜி.யைச் சோதிக்க ஒரு நம்பகமான வழி உண்டு. நல்ல உயரத்தில், முக்கால் த்ராட்டிலில், 45 டிகிரி சாய்வில் மேலேறுங்கள். பாதி உருட்டித் தலைகீழாக்கி எலிவேட்டரை விட்டுவிடுங்கள். ஏறும் கோட்டிலேயே கொஞ்ச தூரம் போய் மெதுவாக மூக்கு இறங்கினால் அக்ரோவுக்குச் சரியான இடம். உடனே கவிழ்ந்து தரையை நோக்கி வளைந்தால் மூக்கு கனம். கவிழாமல் இன்னும் செங்குத்தாக வானத்தை நோக்கி வளைந்தால் வால் கனம். பேட்டரியை 5 மி.மீ., 5 மி.மீ. ஆக நகர்த்தி மறுபடி பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் மட்டப் பறத்தலின் எலிவேட்டர் ட்ரிம்மைத் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் சோதனை பொய் சொல்லும்.

நேராகப் பறக்கும்போது சரி, தலைகீழாக ஒரு பக்கம் இறங்குகிறது

இறங்கும் இறக்கைதான் கனம். நேராகப் பறக்கும்போது எயிலரான் ட்ரிம் அந்தக் கனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. விமானம் தலைகீழானதும் அதே ட்ரிம் கனத்தோடு சேர்ந்துகொண்டு அந்த இறக்கையை இன்னும் கீழே தள்ளுகிறது. மாறாக, இறக்கையில் முறுக்கு இருந்து ட்ரிம் வைத்திருந்தால், நேராகவும் தலைகீழாகவும் விமானம் மட்டமாகவே இருக்கும்.

ஸ்பின்னர் (ப்ராப்பின் நடுவே உள்ள கூம்பு) நுனியிலும் வாலின் அடியிலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். லேசான பக்கத்து முனையில் தூண்டில் ஈயத்தை டேப்பால் ஒட்டுங்கள்; உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்க் கடைகளில் சிறு அளவுகளில் கிடைக்கும். இந்த அளவு விமானத்துக்கு 3 முதல் 8 கிராம் போதும். அதற்கு மேல் கேட்டால் கனம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஒரு பக்கம் பழுதுபார்த்த எபாக்சியாக இருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று: மட்டமாகப் பறக்கும்போது ஒன்றுமில்லை, எலிவேட்டரை வலுவாக இழுத்தால் மட்டும் ஒரு பக்கம் புரள்கிறது. எலிவேட்டரின் இரு பாதிகளும் ஒன்றாக அசையவில்லை. இரண்டு சர்வோ உள்ள விமானத்தில் நடு, மேல் எல்லை, கீழ் எல்லை மூன்றிலும் பின்விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா பாருங்கள். ஒரே சர்வோ என்றால் இரு பாதிகளையும் இணைக்கும் கம்பி முறுகுகிறது. அதற்குத் தடித்த கம்பிதான் மருந்து.

செங்குத்தாக ஏறும்போது இடப்பக்கம் சாய்கிறது

மட்டமாகப் பறந்துவந்து, உங்களைவிட்டு விலகிப் போகும் நிலையில், இறக்கைகள் மட்டமாக இருக்க, காற்றை எதிர்த்து முழு த்ராட்டிலில் செங்குத்தாக இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். விமானத்தின் முதுகு உங்களைப் பார்த்திருக்கும்.

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவில் இடப்பக்கம் போனால் ரடரின் நடு சரியில்லை. மேலே போகப் போக, வேகம் குறையக் குறைய இழுப்பு கூடினால் மோட்டாருக்கு வலக்கோணம் (வலப்பக்கச் சாய்வு) போதவில்லை. ரடரின் பலம் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. ப்ராப்பின் இழுப்போ வேகம் குறையும்போதுதான் வெளியே தெரியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாஷர் போடுகிறவர்கள்தான் நாலைந்து பறத்தலுக்குப் பிறகும் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்கிறார்கள்.

பெரும்பாலான அக்ரோ விமானங்களில் 2 முதல் 2.5 டிகிரி வலக்கோணம் ஃபயர்வாலிலேயே (மோட்டாரைத் தாங்கும் முன்பலகை) இருக்கும். கூட்ட வேண்டுமானால், விமானத்தின் பின்னால் நின்று பார்க்கும்போது இடப்பக்கம் வரும் மோட்டார் திருகுகளுக்குப் பின்னால் வாஷர் வையுங்கள். மோட்டாரின் இடப்பக்கம் முன்னால் தள்ளப்பட்டு மூக்கு வலப்பக்கம் பார்க்கும். திருகுகளுக்கிடையே 40 மி.மீ. இருந்தால் அரை மி.மீ. வாஷர் ஒன்று ஏறத்தாழ 0.7 டிகிரி தரும். ஒரு வாஷர், ஒரு பறத்தல். நூல்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) தடவாமல் திருகை முறுக்கிவிட்டு மேலே அனுப்பாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பின்னருக்கும் காவ்லிங்குக்கும் (மோட்டாரை மூடும் முன்கூடு) நடுவே சுற்றிலும் 2 மி.மீ.யாவது இருக்கிறதா பாருங்கள்.

அதே ஏற்றத்தைப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். முதுகுப் பக்கம் சாய்ந்தால் கீழ்க்கோணம் (மோட்டாரின் கீழ்நோக்கிய சாய்வு) வேண்டும், வாஷர் மேல் திருகுகளுக்குப் பின்னால் போகும். வயிற்றுப் பக்கம் சாய்ந்தால் கீழ்க்கோணம் அதிகம்.

ஹோவர் செய்யும்போது (மூக்கு மேலே பார்க்க அந்தரத்தில் நிற்கும்போது) விமானம் தன் அச்சில் இடப்பக்கம் மெல்லச் சுழல்வது கோளாறு அல்ல. அது மோட்டார் முறுக்கின் எதிர்வினை. எந்த வாஷரும் நிறுத்தாது.

த்ராட்டில் ஏற்றினால் மூக்கு தூக்குகிறது

பாதி த்ராட்டிலில் கைவிட்டால் மட்டமாகப் போகும்படி ட்ரிம் செய்து, சட்டென்று முழுதும் ஏற்றுங்கள். முதல் விநாடியிலேயே, வேகம் கூடுமுன்பே மூக்கு தூக்கினால் மோட்டார் கோணம்; கீழ்க்கோணம் கூட்டுங்கள். இரண்டு மூன்று விநாடி கழித்து, வேகம் ஏறிய பிறகு மெதுவாக ஏறினால் கோணத்தைத் தொடாதீர்கள். மூக்கு கனத்தைத் தாங்க எலிவேட்டரை மேலே ட்ரிம் செய்து வைத்திருக்கிறீர்கள், வேகத்தில் அந்த ட்ரிம் பலமாகிறது. சி.ஜி. சோதனைக்குத் திரும்புங்கள்.

த்ராட்டிலை மூடிச் செங்குத்தாகக் கீழே வரும்போது முதுகுப் பக்கம் வளைந்தால், சி.ஜி.யும் கோணமும் சரியென்று உறுதியான பிறகு மட்டும், த்ராட்டில் அடியில் இருக்கும்போது எலிவேட்டர் 1 முதல் 2% கீழே இறங்குமாறு மிக்ஸ் போடலாம்.

நைஃப் எட்ஜில் வயிற்றுப் பக்கம் இழுக்கிறது, உருள்கிறது

நைஃப் எட்ஜ் என்பது ஒரு இறக்கை மேலும் மற்றது கீழுமாகப் பறப்பது. இந்த இழுப்பு எல்லா விமானத்திலும் கொஞ்சம் உண்டு. மிக்ஸ் போட நியாயமான இடம் இதுதான். வயிற்றுப் பக்கம் இழுத்தால் ரடரிலிருந்து எலிவேட்டருக்கு 3% மேல்நோக்கி வைத்துத் தொடங்குங்கள். ரடர் கொடுத்த பக்கமே உருண்டால் எயிலரானுக்கு எதிர்ப்பக்கம் 2 முதல் 5%. இடது ரடருக்கும் வலது ரடருக்கும் தனித்தனியாகச் சோதித்துத் தனித்தனி எண் போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். 10% தாண்ட வேண்டியிருந்தால் சி.ஜி. சரியான இடத்தில் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

உருளும்போது மூக்கு ஸ்டிக் தள்ளிய திசைக்கு எதிர்ப்பக்கம் விலகினால் எயிலரான் டிஃபரன்ஷியலை (மேலசைவுக்கும் கீழசைவுக்கும் உள்ள வித்தியாசம்) கூட்டுங்கள், அதே பக்கம் விலகினால் குறையுங்கள்.

வேகத்தில் "பர்ர்ர்" என்று சத்தம்

ஃப்ளட்டர், அதாவது மடல் காற்றில் படபடவென அதிர்வது. உடனே த்ராட்டிலை மூடி, மூக்கை மென்மையாக உயர்த்தி, அப்படியே இறக்குங்கள். இன்னும் இரண்டு விநாடி விட்டால் எயிலரான் கழன்று போகும்.

இறக்கிய பிறகு சர்வோவுக்கு மின்சாரம் இருக்கும்போதே எயிலரானின் பின்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அரை மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் பின்னோக்கிப் போய்த் தேடுங்கள்: ஹார்னின் (மடலில் பொருத்திய நெம்புகோல்) துளை பெரிதாகியிருக்கலாம், க்ளெவிஸ் (கம்பியின் முனைக் கொக்கி) தளர்ந்திருக்கலாம், சர்வோ ஆர்மின் நடுத்திருகு விட்டிருக்கலாம், சர்வோவின் பல் உடைந்திருக்கலாம். பல் உடைந்ததைக் கண்டுபிடிக்க மின்சாரத்தை எடுத்துவிட்டு ஆர்மை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள், ஓரிடத்தில் தவ்வும். ஹிஞ்ச் (கீல்) இடைவெளி திறந்திருந்தால், எயிலரானை முழுதும் மேலே மடக்கிய நிலையில் அடிப்பக்கம் நெடுக ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். மட்டமாக வைத்து ஒட்டினால் மேல் அசைவு நின்றுவிடும். ஒருமுறை ஃப்ளட்டர் வந்த சர்வோ வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் நடுவானில் அடங்குகிறது

முதல் கேள்வி, எயிலரான் அசைகிறதா?

அசைந்தால் ரிசீவருக்கு மின்சாரம் இருக்கிறது, இ.எஸ்.சி. தானாக மோட்டாரைக் குறைத்திருக்கிறது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் கால் பலமாவது திரும்பக் கிடைக்கும், இறங்க அது போதும். இறங்கியவுடன் இரண்டைத் தொட்டுப் பாருங்கள். இ.எஸ்.சி.யில் மூன்று விநாடி விரல் வைக்க முடியாவிட்டால் சூடு: ப்ராப் பெரிது, அல்லது காற்று வெளியேற வழியில்லை. காவ்லிங்கில் காற்று நுழையும் வாயைப் போல இரு மடங்கு வெளியேறும் வாய் பின்னால் இருக்க வேண்டும். இ.எஸ்.சி. சூடில்லை, பேட்டரி சூடாகவோ உப்பியோ இருக்கிறது என்றால் மின்னழுத்தம் விழுந்திருக்கிறது. சார்ஜரில் ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் பாருங்கள். ஒரு செல் மற்றவற்றைவிட இரு மடங்கு காட்டினால் அந்தப் பேட்டரி அக்ரோவுக்கு ஆகாது.

எயிலரானும் அசையவில்லை என்றால் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி) விழுந்திருக்கிறது. நான்கு டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது இ.எஸ்.சி.க்குள் இருக்கும் 3 ஆம்ப் பி.இ.சி. தாங்காது. தனி பி.இ.சி. போடுங்கள். எல்லை தாண்டி முட்டிக்கொண்டு முனகும் சர்வோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டைமர் முதலில் 4 நிமிடம். இறங்கிச் சார்ஜ் செய்யும்போது 2200-இல் 1550 முதல் 1650 எம்.ஏ.ஹெச். உள்ளே போனால் சரியான நேரம். கூடுதலாகப் போனால் டைமரைக் குறையுங்கள்.

இறங்கும்போது ஒரு இறக்கை மடிந்து விழுகிறது

வேகம் போதவில்லை என்பதுதான் பத்தில் எட்டுத் தடவை. 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 8% குறைவு. இறக்கை பிடி விடும் வேகம் 4% கூடிவிடும். வெளிநாட்டு வீடியோவில் பார்த்த மெதுவான இறக்கத்தை நண்பகலில் இங்கே செய்தால் கால் மீட்டர் உயரத்தில் இறக்கை விழும். 15 முதல் 25% த்ராட்டிலோடு காற்றை எதிர்த்துக் கொண்டுவந்து, சக்கரம் தொட்ட பிறகு மூடுங்கள். குளத்துக்கரையைத் தாண்டிக் கீழே வரும்போது கரையின் மறைவில் காற்று திடீரென்று குறையும், அங்கே கொஞ்சம் கூடுதல் த்ராட்டில் வேண்டும்.

வேகம் இருந்தும் எப்போதும் அதே இறக்கை விழுந்தால் பக்கக் கனத்தைப் பாருங்கள். மாறி மாறி விழுந்தால் எலிவேட்டர் அசைவு அதிகம் அல்லது வால் கனம்.

நேற்று சரியாக இருந்தது, இன்று ட்ரிம் மாறிவிட்டது

வெயில். கருப்போ கருநீலமோ ஆன ஃபிலிம் ஒட்டிய பால்சா இறக்கை வெயிலில் கிடந்தால் ஃபிலிம் தொய்ந்து சுருக்கம் விழும். மேலும் கீழும் வேறு வேறு இழுவையில் நின்றால் இறக்கை முறுகும். இறக்கையை முனையிலிருந்து கண்ணை மட்டமாக வைத்துப் பாருங்கள்: முன்விளிம்பும் பின்விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். முறுகியிருந்தால் எதிர்ப்பக்கம் லேசாக முறுக்கிப் பிடித்தபடி ஐயனைக் குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். ஃபோம் விமானத்தில் ஹாட் க்ளூ வைத்து ஒட்டிய ஹார்ன், சர்வோ, மோட்டார் மவுன்ட் எல்லாம் வெயிலில் இளகும். மோட்டார் மவுன்டை மட்டுமாவது 30 நிமிட எபாக்சிக்கு மாற்றுங்கள். நிறுத்திய காருக்குள் விமானத்தையும் லிப்போவையும் விடாதீர்கள். பறக்காத நாட்களில் லிப்போ செல்லுக்கு 3.8 வோல்ட்டில் இருக்கட்டும்.

மோட்டார் சுற்றும்போது கரகரக்கிறது

கடற்கரையை ஒட்டிய மணலிலும் தேரியிலும் இல்மனைட் போன்ற கருமணல் கலந்திருக்கிறது. மோட்டாரின் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஊதினால் போகாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ப்ராப்பைக் கையால் சுற்றிக் காதருகே கேளுங்கள். கரகரப்பு இருந்தால் பின்பக்கத்து சி-க்ளிப்பையோ கிரப் ஸ்க்ரூவையோ எடுத்து மோட்டாரின் மணியை (காந்தங்கள் உள்ள சுழலும் வெளிக்கூடு) கழற்றுங்கள். காந்தங்களுக்கு நடுவே கறுப்பு மயிர் போல நிற்பதுதான் அந்த மணல். செல்லோடேப்பைக் குச்சியில் சுற்றி, ஒட்டும் பக்கத்தை வெளியே வைத்து, ஒத்தி ஒத்தி எடுங்கள். துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போகும். பேரிங்கில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டி, திருகுக்கு நூல்லாக் தடவுங்கள். இதற்குப் பிறகும் கரகரத்தால் பேரிங் போய்விட்டது. அந்த மோட்டாரை மறுபடி மேலே அனுப்பாமல் பேரிங்கை மாற்றுங்கள்.